ஆதாரம் கிடைக்கவில்லை

மட்டாஞ்சேரியில், கொச்சங்காடியில் ஆட்டோவை விட்டு இறங்கிய நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது, குடையை அறையிலேயே மறந்துவிட்டு வந்த புத்தியை நொந்தபடி, பூட்டிக் கிடந்த ஒரு கிட்டங்கியின் ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே ஒதுங்கினேன், அப்போதுதான் அந்த வாசனை வந்தது. ஈரச் சாக்கு, சுண்ணாம்புத் தூள், அதற்கும் அடியில் எங்கோ சுக்கு. கதவுப் பலகைகளின் இடுக்கு வழியாக, உள்ளே யாரோ படுத்து மூச்சு விடுவதுபோல விட்டுவிட்டு வந்தது. பூட்டில் துரு ஏறியிருந்த அளவைப் பார்த்தால் உள்ளே சரக்கு இறங்கிப் பல வருஷம் ஆகியிருக்க வேண்டும், சரக்கு காலி செய்துகொண்டு போனபிறகும் வாசனை மட்டும் வாடகை தராமல் குடியிருக்கிறது.

அந்த வாசனை எனக்கு முதலில் கொண்டுவந்தது கிட்டங்கியை அல்ல, ஒரு புத்தக அலமாரியை. அக்கரையில், எறணாகுளத்தில், பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் எங்கள் வரலாற்றுத் துறை இருந்தது, 1980களின் கடைசி, எம்.ஏ. வகுப்பில் ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் வேறு வேலை கிடைக்கும்வரை நிழலுக்கு ஒதுங்கியவர்கள், ஆசிரியர்கள் நான்கு பேர், துறை நூலகம் என்பது மூன்று மர அலமாரிகளும் ஒரு நீள மேசையும், மேசையின் ஒரு கால் குட்டை என்பதால் அதன் அடியில் மடித்து வைத்த தீப்பெட்டி அட்டையும். அலமாரிச் சாவி அட்டெண்டர் சேட்டனின் இடுப்பில் இருக்கும், அவர் கதவைத் திறப்பதற்கு முன்னால் விரல்முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார், உள்ளே இருக்கிற பல்லிக்குச் சொல்லிவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்பார். மூன்று மணிக்கு மேல் மேற்குச் சன்னல் வழியாகக் காயல் வெளிச்சம் வந்து கூரையில் ஆடும், அந்த ஆட்டத்தைப் பார்த்தபடி பாதி வகுப்பு தூங்கும், தூங்குகிறவர்களைப் பேராசிரியர் எழுப்ப மாட்டார், குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

காயல் காற்றில் புத்தகம் எல்லாம் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தது. அதை ஒரு நாள் வீட்டில் சொன்னபோது தாத்தா ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், மறுநாள் காலை ஒரு காடாத்துணி முடிச்சோடு வந்தார், உள்ளே வசம்பு, உடைந்த மிளகு, கொஞ்சம் சுக்குத் தூள். “கணக்குப் புத்தகத்துக்கு நாங்க இதத்தான் வைப்போம், கொண்டுபோய் உங்க வாத்தியார்ட்ட குடு.” முடிச்சைப் பேராசிரியர் மூக்கருகே பிடித்து வெகுநேரம் வைத்திருந்தார், பிறகு அலமாரியில் கேரள வரலாற்று நூல்கள் இருந்த தட்டில் வைக்கச் சொன்னார். அன்று முதல் எங்கள் துறையில் பெருமாள் ஆட்சியும் டச்சுக்காரர்களும் மட்டாஞ்சேரிக் கிட்டங்கி வாசனையோடுதான் இருந்தார்கள், எனக்கு இன்றைக்கும் வரலாறு என்ற சொல்லுக்கு அந்த மணம்தான்.

தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், செங்கோட்டை வழியாக ரயிலேறி, கொல்லத்தில் இறங்கி, பதினாறு வயதில் கொச்சிக்கு வந்து, பஜார் ரோட்டில் ஒரு மிளகு, சுக்கு வியாபாரியிடம் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் பாண்டிகசாலை என்றபோது கடைசிவரை கிட்டங்கி என்றே சொன்னார். மட்டாஞ்சேரியில் அது பெரிய விஷயமும் இல்லை, குஜராத்திக்காரர்களுக்கு ஒரு சொல், கொங்கணிக்காரர்களுக்கு ஒரு சொல், கச்சி மேமன்களுக்கு ஒரு சொல், துணி வெளுக்க டச்சுக்காரர்கள் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார்கள் கோட்டைப் பக்கம் தங்கள் தமிழைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள், யாரும் யாரையும் திருத்துவதில்லை. நான் எம்.ஏ.வுக்கு வரலாறு எடுத்தேன் என்றதும் தாத்தா பொடி மட்டையை மூடிவிட்டுக் கேட்டார்.

“சரித்திரம்னா என்னலே வேல?”

“பழைய ஆளுங்க எழுதி வச்சத எடுத்துப் படிச்சு, நடந்தது என்னன்னு பாக்குறது தாத்தா.”

“பழைய கணக்கச் சரிபாக்கணும். சம்பளம் யாரு குடுப்பா?”

“இப்போதைக்கு யாரும் இல்ல.”

“அப்ப மொதலாளியும் இல்ல” என்றார், அதில் இரக்கம் இருந்ததா பொறாமை இருந்ததா என்று அன்றைக்கு எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பேராசிரியருக்கு ஒரு பழக்கம், நாம் எதைச் சொன்னாலும், நன்றாகவே சொன்னாலும், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “ஆதாரம் எவிடே?” என்பார். 1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து முசிறித் துறை தூர்ந்து கொச்சித் துறைமுகம் பிறந்தது என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததை ஒருத்தி சொன்னாள், அவளையும் விடவில்லை, வெள்ளம் வந்திருக்கும், வருஷத்தை யார் எழுதி வைத்தது என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இவனுடைய தெருவில் ஒரு வருஷம் எழுதி வைத்திருக்கிறது, அது வேறொரு தெருவின் சுவரில் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்று எல்லோரையும் படகில் ஏற்றி அனுப்பினார்.

அப்படித்தான் பிறந்து வளர்ந்த தெருவைப் பற்றி எனக்கு முதல் தடவையாகத் தெரியவந்தது. யூதத் தெருவில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயத்தின் முற்றத்துச் சுவரில் எபிரேய எழுத்துள்ள ஒரு கல்பலகை பதித்திருக்கிறது, அது அந்த ஆலயத்துக் கல் அல்ல, கொச்சங்காடியில் 1344-இல் எழுந்த ஜெபாலயத்தின் கல். அந்தக் கட்டடம் போய்விட்டது, அங்கே கும்பிட்டவர்களும் போய்விட்டார்கள், கல் மட்டும் நடந்து வந்து இன்னொரு வீட்டுச் சுவரில் ஏறிக்கொண்டது. எத்தனை முறை அந்தச் சுவரோரம் ஐஸ் பிட்டு சூப்பிக்கொண்டு நின்றிருப்பேன். உள்ளே கான்டனிலிருந்து வந்த நீல வெள்ளைத் தரைஓடுகளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், நானும் அதைத்தான் பார்த்திருந்தேன்.

அதே ஆலயத்தின் செப்பேடுகள்தான் துறையில் எனக்குக் கொஞ்சம் மரியாதை வாங்கித் தந்தன. சேரப் பெருமாள் அரசர் பாஸ்கர ரவி, தன் 38-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1000-இல், யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் கொடுத்த பட்டயம், வட்டெழுத்து, நடுநடுவே கிரந்தம். அச்சுப்படியை மேசையில் விரித்து எழுத்துக்கூட்டி வாசிக்க வைப்பார் பேராசிரியர், மலையாளத்துப் பிள்ளைகள் எழுத்தைப் பிடித்துவிடுவார்கள், சொல்லில் தடுக்குவார்கள், எனக்கு எழுத்து பிடிபட நாளாயிற்று, ஆனால் பிடிபட்டதும் சொற்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவை போல இருந்தன, பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம். பாவாடை என்றதும் வகுப்பு சிரித்தது, அது நடந்து வருகிறவருக்கு வழியில் விரிக்கிற துணி என்று நான் சொன்னேன், எப்படித் தெரியும் என்றார், எங்கள் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை நடக்க வண்ணார் மாத்து விரிப்பார் என்றேன், நெற்றிக் கண்ணாடி கீழே இறங்கியது, ஆதாரம் கேட்கவில்லை. அந்த எம்.ஏ.வில் எனக்குக் கிடைத்த பட்டம் அதுதான், மற்றதைப் பல்கலைக்கழகம் தபாலில் அனுப்பியது.

இந்தச் செப்பேட்டின் காலத்தையும் பொருளையும் எம்.ஜி.எஸ். நாராயணன் 1972-இல் வெளிவந்த ‘கல்ச்சுரல் சிம்பயாசிஸ் இன் கேரளா’ நூலில் எழுதியிருந்தார், அந்தப் புத்தகம் எங்களிடம் ஒரு பிரதி இருந்தது, முதுகு தையல் விட்டு. பெருமாள் ஆட்சி பற்றிய அவருடைய ஆய்வேடோ 1972-இல் முடிந்தது, அச்சில் புத்தகமாக வந்தது 1996-இல், இடைப்பட்ட காலம் முழுக்க அது ஜெராக்ஸ் பிரதியாகவே ஊர் ஊராகப் பயணம் போனது, எங்கள் துறைக்கு வந்தது பிரதியின் பிரதியின் பிரதி, அடிக்குறிப்புகள் எறும்புச் சாரி போலத் தெரியும், நடுவில் எட்டுப் பக்கம் கிடையாது. காணாமல் போன எட்டுப் பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று நாங்கள் ஊகித்துச் சண்டை போட்டது மாதிரி, இருந்த பக்கங்களைப் பற்றிப் போட்டதில்லை. தேஞ்ஞிப்பலத்தில், கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் அவர் தலைமையில் இருந்த துறையை எங்கள் பேராசிரியர் பெரிய வீட்டுச் சொந்தக்காரர்களைச் சொல்வதுபோலக் கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் சொல்வார். 2025 ஏப்ரலில் எம்.ஜி.எஸ். தொண்ணூற்றிரண்டு வயதில் போனார் என்று பேப்பரில் பார்த்தபோது எனக்கு அவர் முகம் நினைவுக்கு வரவில்லை, அந்த மங்கிய ஜெராக்ஸ் தாளும் வசம்பு வாசனையும்தான் வந்தன.

எம்.பில்.லுக்கு டச்சுக்காரர்கள் காலத்துக் கொச்சி மிளகு வியாபாரம் என்று தலைப்பு வைத்தேன், அதில் தாத்தாவின் கை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது, அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். 1663-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1795-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள், கோட்டையோடு அவர்கள் விட்டுப்போன காகிதக் கட்டுகள் பிற்பாடு சென்னைக்குப் போய்ச் சேர்ந்தன, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1657 முதல் 1825 வரைக்கும் என்று அவற்றுக்கு ஒரு பட்டியல் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். ஆக, கொச்சங்காடிக்காரன் கொச்சியைத் தெரிந்துகொள்ள எழும்பூருக்குப் போக வேண்டும். ராத்திரி ரயிலேறிப் போனேன், திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இரண்டு மாதம் தங்கினேன்.

காப்பகத்தின் சிவப்புக் கட்டடத்துக்குள் நுழைந்தால் காந்தி இர்வின் சாலையின் சத்தம் வாசலோடு நின்றுவிடும், உயரமான கூரையிலிருந்து நீளத் தண்டில் தொங்கும் மின்விசிறிகள் காற்றைவிட நிழலைத்தான் அதிகம் சுற்றின. எனக்கு எதிர்மேசையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தினமும் வருவார், முதலில் தோள்துண்டால் மேசையைத் துடைப்பார், பிறகு அதே துண்டை மடித்து நாற்காலியில் போட்டு உட்காருவார், கோயில் நில வழக்கு ஒன்றுக்காக ஒன்பது வருஷமாக வருகிறாராம், பன்னிரண்டரைக்கு வெளியே வேப்பமரத்தடியில் தயிர்சாதம், நார்த்தங்காய். “கொச்சியிலேர்ந்து இங்க வந்து கொச்சியத் தேடறீங்களா தம்பி” என்று கேட்டு அவராகவே சிரித்துக்கொண்டார், நார்த்தங்காயில் பாதி தந்தார்.

டச்சுக் கட்டுகளைத் தொடவே பயமாக இருக்கும். அந்தக் காலத்து இரும்பு மை காகிதத்தைத் தின்றுவிடுகிறது, எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் உருவத்தில் ஓட்டை இருக்கும், பக்கத்தைத் தூக்கினால் சொற்கள் பொடியாக மேசையில் உதிரும். மொழியும் எனக்குத் தெரியாது, டச்சு அதிகாரி மூன்ஸ் எழுதியதைக் காலெட்டி 1911-இல் ஆங்கிலத்தில் தந்த ‘தி டச் இன் மலபார்’ புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 1771 முதல் 1781 வரை கொச்சியை ஆண்ட அந்த அதிகாரி தனக்குப் பின் வருகிறவருக்காக யூதர்களைப் பற்றியும் மிளகைப் பற்றியும் எழுதி வைத்த நீண்ட குறிப்போடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, பேர்களையும் எண்களையும் மட்டும் பொறுக்கினேன். மிளகுக்கு டச்சுச் சொல் ‘பேபர்’, அதை மட்டும் முதல் நாளே பிடித்துக்கொண்டேன், பேப்பரில் பேபரைத் தேடுகிறேன் என்று தாத்தாவுக்குக் கார்டு போட நினைத்தேன், ஆனால் அவர் அந்த வருஷத் தொடக்கத்திலேயே போய்விட்டிருந்தார்.

கண்டிக் கணக்கில் மிளகு, யாரிடம் வாங்கியது, என்ன விலை, எந்தக் கப்பலில் போயிற்று, நான் நோட்டு நோட்டாக எழுதிக்கொண்டேன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சியில் மிளகு என்ன விலை போனது என்று என்னால் சொல்ல முடிந்தது, அந்தக் கர்வத்தோடு ஊருக்குத் திரும்பினேன். வீட்டில் வெள்ளையடித்திருந்தார்கள், நீலம் கொஞ்சம் தூக்கல், தாத்தாவின் தகரப்பெட்டி இருந்த மூலையில் ஒரு புது பிளாஸ்டிக் வாளி இருந்தது.

பெட்டி எங்கே என்று கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள், பெட்டி மாடியில் இருக்கிறது, உள்ளே இருந்த பழைய நோட்டெல்லாம் ஆக்ரிக்காரனுக்குப் போட்டாயிற்று, பதினோரு கிலோ இருந்தது, அந்தக் காசில்தான் வாளி. முதலாளியின் பேரேடு வேறு, அது முதலாளியோடு போயிற்று, இது தாத்தா தனக்கென்று எழுதி வந்த நாள்வழி, முப்பத்தெட்டு வருஷம், சிவப்புத் துணியில் கட்டியது, மிளகு என்ன விலை, சுக்கு என்ன விலை, எந்த ஊர்ச் சரக்கு, மழையா வெயிலா, எல்லாம் பொடி எழுத்தில், மா, காணி, முந்திரி என்ற பழைய பின்ன அடையாளங்களோடு. அதில் ஒரு நாள் குறுக்கே கோடு இழுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், 1953 செப்டம்பர் 15. கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை வீசி, பாய்ந்து பொறுக்கியவனுக்கு மட்டும் அன்றைக்கு வேலை தருகிற சாப்பை முறையை எதிர்த்துத் துறைமுகத் தொழிலாளிகள் மட்டாஞ்சேரியில் திரண்டபோது போலீஸ் சுட்டது, தாத்தா கிட்டங்கிக் கதவைப் பலகை போட்டு அடைத்துக்கொண்டு, இருட்டில் சுக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாராம். எங்கள் துறையில் ஒருவரும் அதைப் பாடமாக எடுத்ததில்லை, நானும் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள் என்று கேட்டதில்லை. வட்டெழுத்து படிக்க வரிந்துகட்டிக்கொண்டு போனவன், வீட்டு மூலையில் இருந்த தமிழ் எழுத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெட்டியில் என்ன இருக்கிறது என்று நான்தான் அவளிடம் சொல்லவே இல்லையே.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில், பிற்காலத்து உள்ளூர்ச் சந்தை விலைகளுக்குத் தொடர்ச்சியான ஆதாரம் கிடைக்கவில்லை என்று ஒரு வாக்கியம் வர வேண்டியிருந்தது, வந்தது, எறணாகுளத்து டைப்பிஸ்ட் நான்கு கார்பன் வைத்து அடித்துத் தந்தார். பேராசிரியர் அந்தப் பக்கத்தில் நின்றார். நோட்டுகளின் கதையைச் சொன்னேன். எத்தனை வருஷத்துக் கணக்கு என்று மட்டும் கேட்டார், முப்பத்தெட்டு என்றேன், எழுந்துபோய் மேற்குச் சன்னலைச் சாத்தினார், வெளியே மழை இல்லை, காற்றுகூட இல்லை.

நேற்று அக்கரைக்குப் போயிருந்தேன். அந்த அறையில் இப்போது வெள்ளைத்திரையும் ப்ரொஜெக்டரும் இருக்கின்றன, மர அலமாரிகளைக் காணோம், ஏசி போட்டதால் மேற்குச் சன்னலை நிரந்தரமாக அடைத்துவிட்டார்கள், கூரையில் ஆட வெளிச்சம் இல்லை. பாடம் எடுக்கும் இளம்பெண் அன்பாகப் பேசினாள், டச்சுக் கம்பெனியின் காகிதங்களை ஹேக் நகரத்து ஆவணக் காப்பகம் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது சார், நீங்கள் ரயிலேற வேண்டாம் என்று போனிலேயே ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள், எழுத்து பளிச்சென்று இருந்தது, ஒரு சொல்லும் உதிரவில்லை. நல்லதுதான். நார்த்தங்காய் தர எதிரே ஆள் இல்லை என்பது ஒரு குறையா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாது.

மழை விடாமல் சாய்ப்பிலிருந்து நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. கொச்சங்காடியில் நின்று கொச்சங்காடியை எண்ணிப் பார்த்தேன், கல் யூதத் தெருவில், காகிதம் எழும்பூரில், தாத்தாவின் விலைகள் எந்தக் காகித ஆலையில் கூழானதோ, ஆட்களில் பாதிப் பேர் வளைகுடாவில், நான் மதுரையில். செம்பு வேய்ந்த கூரைக்காகச் செம்பிட்ட பள்ளி என்று பேர் வாங்கிய 1520-ஆம் வருஷத்துப் பள்ளிவாசல் மட்டும் இடம் மாறாமல் நிற்கிறது, அந்தப் பக்கமிருந்து பாங்கு கேட்டது.

அப்போதுதான் கிட்டங்கி வந்தது, இவ்வளவு நேரம் தாமதித்து. ஆறேழு வயது எனக்கு, கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு, அதிலிருந்து தூசித் தூண் ஒன்று தரைவரை இறங்கி நிற்கும், முற்றத்தில் பெண்கள் சுண்ணாம்பு பூசிய சுக்கைத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளிக் காயப்போடுவார்கள், தலைமுண்டு, புருவம் எல்லாம் வெள்ளை. தாத்தா குவியலுக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு துண்டு எடுப்பார், மேலே இருப்பது வியாபாரி வைத்தது, அடியில் இருப்பதுதான் சரக்கு, அதை மோந்து பார்க்க மாட்டார், நாக்கில் வைக்க மாட்டார், காதருகே கொண்டுபோய் ஒடிப்பார். சத்தம் கேட்டதும் உதடு அசையும், ஒரு எண் சொல்வார், எடுபிடிப் பையன் சாக்கில் கரியால் எழுதுவான். எத்தனை நாள் வெயில் கண்டது, எவ்வளவு ஈரம் பாக்கி, கப்பலில் பூஞ்சை பிடிக்குமா, எல்லாம் அந்தச் சின்னச் சத்தத்தில் இருந்தது. ஒரு தடவை எனக்கும் காதில் ஒடித்துக் காட்டி, “கேட்டியாலே?” என்றார், கேட்டது என்றேன், என்ன கேட்க வேண்டும் என்று தெரியாமலே.

எதிரே, பழைய கிட்டங்கி ஒன்றைப் பாதியாகத் தடுத்து மசாலாக் கடை வைத்திருந்தார்கள், மஞ்சள் விளக்கு, கண்ணாடி ஜாடிகள், சுற்றுலாக்காரர்களுக்குக் குப்பியில் சந்தனத் தைலம். நனைந்துகொண்டே குறுக்கே ஓடி உள்ளே போனேன், கல்லாவில் இருந்த பெண்ணிடம் சுக்கு கேட்டேன், எவ்வளவு என்றாள், ஒரு துண்டு என்றேன், அவள் வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்துவிட்டு ஜாடியையே என் பக்கம் நகர்த்தினாள். அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்து, காதருகே வைத்து ஒடித்தேன். மழைக்காலத்துச் சுக்கு, ஒடியாமல் வளைந்தது.

“எந்தா அங்கிள், வல்லதும் கேக்குந்நுண்டோ?” என்றாள்.

ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டை எடுத்தேன்.